'சாப்டேன்' என்ற பதில்

ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிதில் எனக்கு ரொம்பப் பிடித்தது காலை மீட்டிங்தான். வரிசையாக நின்று கை தட்டுவோம், "நம்மால் முடியும்" என்று கத்துவோம். முந்தின நாள் அதிகம் தோல் வெட்டிய டேபிளுக்குப் போர்டில் ஒரு ஸ்டார். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அதுவே பெரிய பரிசு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறும்போதே இன்றைக்கு ஸ்டார் யாருக்கு என்றுதான் யோசிப்பேன்.

பயம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். தோல் வெட்டும் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மேல் தட்டு இறங்கும். கை உள்ளே சிக்கிவிடக் கூடாது என்று அப்படி. ஆனால் ஸ்டார் வேண்டுமே. ஒரு பட்டனில் தோல் துண்டைச் செருகி அமுங்கியபடியே நிறுத்திவிடுவோம். ஒரு கை பட்டனில் இருக்க, மறு கை தோலை நகர்த்தும். வேகம் கூடும். அந்த ஓட்டத்தில் தூக்கமும் வரும்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிர் மெஷின்காரிக்குத் தலை ஆடினால் "சாப்டியா?" என்று கேட்க வேண்டும். "சாப்டேன்" என்று வந்தால் விழித்திருக்கிறாள்.

என் எதிரில் சிங்கவரத்து அக்கா. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, செடி பிடுங்கும் சமயம் அது. விடியுமுன் கொல்லையில் வேலை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அன்று அவருக்குத் தலை ஆடியது.

"சாப்டியாக்கா?"

"சாப்டேன்."

குனியப் போனவள் எதற்கோ மறுபடி பார்த்தேன். கண் மூடியிருந்தது. தூக்கத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். இடது கை தட்டுக்கு அடியில், வலது கை பட்டன் மேல். கத்தினால் திடுக்கிட்டு அமுக்கிவிடுவார். தொடலாமென்றால் எட்டாது.

"இன்னா கொழம்புக்கா?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

பட்டன் மேலிருந்த விரல் அசைந்தது.

"கொழம்பா…" யோசிப்பதற்காகக் கண்ணைத் திறந்தார். "கருவாடுடி."

அப்புறம்தான் தன் இடது கையைப் பார்த்தார். சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். இல்லை. கையை வெளியே இழுத்து, செருகியிருந்த துண்டைப் பிடுங்கிப் போட்டார். நானும் பிடுங்கினேன்.

இரண்டு டேபிள் மெதுவானது சூப்பர்வைசருக்கு உடனே தெரிந்துவிட்டது. அக்காவின் பின்னால் வந்து நின்று, ஏன் இவ்வளவு ஸ்லோ என்று கேட்டார்.

"ரெண்டு கையாலயும் அமுக்குறேன் சார்," என்றார் அக்கா, திரும்பாமல்.

சூப்பர்வைசர் கீழே கிடந்த தோல் துண்டைப் பார்த்தார். நகரவில்லை. வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவர் நின்றுகொண்டிருக்க, நாங்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு கையையும் வெளியே எடுத்து, பட்டன்களில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தோம்.