அம்மன் முகமும் நீலப் பொத்தானும்

இன்றைக்கும் உப்புத்தாளைக் கையில் எடுத்தால் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் எட்டாவது வரை படித்தவன். தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டை ஒட்டிய கொட்டகையில் மரம் செதுக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு உருவத்தை மேடு பள்ளமாக வரைந்து கொடுத்தால் மெஷின் அதை அப்படியே பலகையில் வெட்டித் தரும். பூஜையறைக் கதவு, கஜலட்சுமி வைத்த வாசல் நிலை, இந்த மாதிரி வேலைகள். அந்த மேடு பள்ளத்தை வரைவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஒன்பது வருஷமாக என்னிடம் ஒரே வெர்ஷன்தான். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது.

புது வெர்ஷன் வந்ததிலிருந்து சென்னை டீலர் விடாமல் போன் செய்தார். "சார், பழசை இனிமே நாங்க பாக்க மாட்டோம். நின்னா நின்னதுதான்." அவர் சொன்னதைக்கூடத் தள்ளிவிடலாம். ஆனால் டிசைன் அனுப்புகிறவர்களும் புது வெர்ஷனில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். என் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே இல்லை. மூன்று கதவு வேலை கைவிட்டுப் போனது.

மாற்றப் பயமாக இருந்ததற்குக் காரணம், அந்தப் பழைய வெர்ஷனுக்குள் ஒரு அம்மன் இருந்தாள்.

காலாப்பட்டுப் பக்கத்து மீனவ கிராமம் ஒன்றின் அம்மன். மாசி மகத்துக்குக் கடலுக்கு எழுந்தருளும்போது சாத்துகிற அவளுடைய மர முகம் உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. அத்திமரம் வாங்கிக் கொடுத்து, புது முகம் செய்ய என்னை நம்பி விட்டிருந்தார்கள். பழைய முகத்தைப் பார்த்துப் பார்த்து நாலு மாசம் கம்ப்யூட்டரில் செய்தேன். கண் இருக்கும் இடத்தை மட்டும் வழவழவென்று மேடாக விட்டுவிட்டேன். கண் திறப்பது ஸ்தபதியின் வேலை. நாள் பார்த்து, விரதமிருந்து, தங்க ஊசியால் திறப்பார். எதிரில் கண்ணாடி பிடிப்பார்கள், கன்றோடு பசுவும் நிற்கும். முதல் பார்வை மனுஷன் மேல் விழக் கூடாது.

புதுசா, பழசா? என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, அந்த அம்மனையே நினைத்துப் பூப்போட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் புது வெர்ஷன். என் வீட்டுக்காரி இரண்டையும் குலுக்கிப் போட்டாள்.

"கும்புட்டுட்டு எடுங்க. எடுத்தப்புறம் இன்னொருவாட்டி பாக்கலாமான்னு கேக்கக் கூடாது, இன்னா?"

எடுத்தேன். வெள்ளை.

மறுநாளே பழசை அழித்துப் புதுசை ஏற்றியாயிற்று. பழைய சிடியையும், அம்மன் முகத்தைக் காப்பி எடுத்து வைத்திருந்த பென் டிரைவையும் என் வீட்டுக்காரி குப்பையில் போட விடவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த சாமான் என்று பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள்.

முகம் வெட்டுகிற நாளில் தலைக்குக் குளித்து, செருப்பை வெளியே விட்டு, வெறும் வயிற்றோடு உட்கார்ந்தேன். புது வெர்ஷனில் அம்மனைத் திறந்ததும் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. கீழே இரண்டு பொத்தான். ஒன்று சாம்பல், ஒன்று நீலம். இத்தனை வருஷமும் எனக்குச் சோறு போட்டது நீலம்தான். அழுத்தினேன். திரையில் முகம் சின்னதாகத் தெரிந்தது. நான் உற்றுப் பார்க்கவில்லை. என் கையால் செய்த முகம்தானே.

மெஷின் நின்றபோது உச்சி வெயில். முகம் மரத்தூளுக்குள் புதைந்து கிடந்தது. புதுத் துண்டால் மெதுவாகத் தூளை விலக்கினேன்.

அம்மன் என்னைப் பார்த்தாள்.

இமை, கருவிழி, விழிக்குள் ஒரு பொட்டுப் பள்ளம்கூட இருந்தது. கத்தினேனா, இல்லையா, தெரியாது. சாப்பாட்டுக் கூடையோடு வந்த என் வீட்டுக்காரி வாசலிலேயே அதைப் போட்டுவிட்டாள்.

"எதிர்ல நிக்காதீங்க! ஒதுங்குங்க!"

கை கழுவும் இடத்தில் ஆணியில் தொங்கிய சிவப்பு பிளாஸ்டிக் கண்ணாடியைப் பிடுங்கி வந்து, தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மனுக்கு நேராகப் பிடித்தாள்.

"யாரு கண்ணத் தொறந்தது?"

"நான்தான்."

"நீங்களா? உங்களுக்கு ஊசி புடிக்கத் தெரியுமா?"

"பட்டனு அமுக்கினேன்."

மஞ்சள் துணியால் முகத்தை மூடிவிட்டு, அம்மனை மறுபடியும் கம்ப்யூட்டரில் திறந்தோம். அதே கட்டம் வந்தது. என் வீட்டுக்காரி பன்னிரண்டாவது படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மொகம் கொறையா இருக்காம். நாங்களே முழுசாக்கட்டுமான்னு கேக்குதுங்க."

நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். துணியை விலக்கிக் கண்ணுக்கு நேரே கொண்டுபோன கை அங்கேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறவளின் கண்ணில் எப்படி உப்புத்தாளை வைப்பேன்?

மறுநாள் காலையில் லோடு ஆட்டோவில் அம்மனை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஊர்ப் பெரியவரும் ஸ்தபதியும் கோயிலில் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பூப்போட்டதையும் சொன்னேன்.

"இன்னா ஆசாரி," என்றார் பெரியவர், "நாங்க மகம் வரைக்கும் பொறுக்குறோம், ஒன் மெஷினுக்குப் பொறுக்கலியா?" பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஸ்தபதி துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். நகத்தால் பள்ளத்தை அளந்தார். "ரெண்டு கண்ணும் ஒரே அச்சு. பொம்மைக் கண்ணு. இதுக்கு மேல செதுக்க மரமும் இல்ல. நான் கை வைக்க மாட்டேன். கடல்ல சேத்துடுங்க."

"வேற மரம் பாத்துத் தரோம்," என்றார் பெரியவர். "ஆனா இத நீதான் வந்து விடணும். அடுத்தத எதுல செய்வ?"

"பழசுலதாங்க."

"பூ வெள்ளைன்னு சொன்னியே?"

துணியை இழுத்து முகத்தை மூடினேன்.

ஃபைபர் போட்டில் ஏற்றினார்கள். கரை கோடாகத் தெரிகிற தூரத்தில் கற்பூரம் காட்டி, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டேன். முழுகிவிடும் என்று நினைத்திருந்தேன். மரம் முழுகுமா? மல்லாந்து மிதந்தது. துணி நழுவிப் போய்விட்டது. அலை தூக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தது.

"கல்லு எதுனா கட்டலாமா?" என்றேன்.

"அம்மா கழுத்துலயா? வாய மூடிக்கினு உக்காரு. திரும்பிப் பாக்காத," என்றார் போட்டுக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

பூஜை அலமாரியிலிருந்த சிடியில் காய்ந்த சந்தனத்தைத் துடைத்துப் பழைய வெர்ஷனை ஏற்றினேன். பென் டிரைவில் அவள் கண் திறக்காமல் அப்படியே இருந்தாள். இரண்டாவது முகத்தை வெட்டி முடிக்கும் வரை என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று, திரையில் வந்த ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தாள். புது வெர்ஷன் இப்போது வேறொரு கம்ப்யூட்டரில் கதவுக்கும் நிலைக்கும் மட்டும் ஓடுகிறது. டீலர் போன் செய்தால் எடுப்பதில்லை.

மகத்துக்கு முன்னால் ஸ்தபதி கண் திறந்த அன்று, கண்ணாடி, பசு, கன்று எல்லாம் முறையாக வந்தன. ஒதுங்குங்கள், ஒதுங்குங்கள் என்று ஊரே அம்மன் எதிரிலிருந்து விலகியது. என்னையும் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. என்னைத்தான் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே.