ஞாயிறு மூன்று மணி

தொண்ணூறுகளின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் மிஷன் சபையிலிருந்து சீமைக்குப் போன முதல் பெண் நான். அந்தத் தலைக்கனம் குறையாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அம்மாவுக்குக் கண் மங்கல். அண்ணன் கடிதத்தை உபதேசியாரிடம் கொடுப்பான். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த சேவலையும் பலாப்பழத்தையும் ஏலம் விடுவதற்கு முன்னால், அவர் அதைச் சபைக்கு உரக்க வாசிப்பார்.

ஒரு காலத்தில் மிஷனரிகள் எங்களைப் பற்றி இப்படித்தான் தங்கள் ஊருக்கு வேடிக்கையாக எழுதினார்களாம். அதற்கெல்லாம் நான் ஒருத்தியே பழி தீர்ப்பதாக நினைப்பு.

"இங்கே பெற்ற தாயைப் பார்க்கவும் டயரியில் நாள் குறிக்கிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்குப் பூங்கொத்தோடு வருவார்கள். நான்கு மணிக்குக் கன்னத்தில் ஒரு முத்தம், வாசலில் கார் கிளம்பும் சத்தம். நாயை மட்டும் தினமும் இரண்டு வேளை உலாத்தக் கூட்டிப்போகிறார்கள்" என்று எழுதியபோது சபை விழுந்து விழுந்து சிரித்ததாம்.

என் அசட்டுத்தனங்களை மட்டும் மறைத்துவிட்டேன். போன புதிதில் அங்குள்ள வேதக்கோயிலுக்கு ஒரு டஜன் முட்டை காணிக்கை கொண்டுபோனேன். முன்னால் வைத்துவிட்டு, யாராவது ஏலம் விடுவார்கள் என்று எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். போதகர் அருகில் வந்து, இதை வேகவைக்க வீட்டில் அடுப்பு இல்லையா என்று பரிவோடு கேட்டார்.

அண்ணனின் பதில்களில் கடைசி வரி மாறாது: "எப்ப வாறேன்னு அம்மா கேக்குது." அடுத்த கிறிஸ்மஸ் என்று நானும் மாறாமல் எழுதினேன். ஒரு கிறிஸ்மஸுக்குக் கார் ஓட்டப் படித்தேன். இன்னொன்றுக்குப் பாரிஸ் பார்க்கப் போனேன். மூன்றாவதற்கு என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

கடைசியில் மூன்று வார லீவில் வந்தேன். முதல் ஞாயிறே உபதேசியார் என்னை எழுப்பிப் பேசவிட்டார். பூங்கொத்து, முத்தம், நாய் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். முன்வரிசைப் பாயில் அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "அந்த வெள்ளக்காரச் சாயிப்புப் பிள்ளையளு எல்லா ஞாயிறும் தப்பாம வருமா?"

"மழையானாலும் வரும்."

"ஒரு மணிக்கூறு நேரம் கூடவே இருக்குமா?"

"இருக்கும்."

"பாக்கியம் உள்ள அம்மைமாராக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் டயரியை எடுத்தேன். விமானத்திலேயே எழுதி வைத்தது: திங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸ், செவ்வாய் எங்கள் இல்லத்து மேட்ரனுக்குச் சேலை எடுக்கப் பாலராமபுரம், வியாழன் அம்பூரியில் சித்தி வீடு. இப்படி மூன்று வாரமும் நிரம்பியிருந்தது.

காப்பியோடு வந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டயரியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மக்கா, இதுல எனக்கு எந்தக் கெழமை?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்தால் அன்றைக்கு எங்கும் போகாமல் இருக்கலாமே என்றுதான் கேட்டாள். நான் தலை நிமிராமல் பக்கங்களைப் புரட்டினேன். மேட்ரனின் சேலைக்குக்கூட ஒரு நாள் இருந்தது.