முறை வராமல் நின்ற வேலைகளும் தேவநாதனும்

தேவநாதனைத் திட்டத்தான் அன்று போன் செய்தேன். சர்வர் காலையிலிருந்தே படுத்திக்கொண்டிருந்தது, ஆளையும் காணோம். எடுத்தது அவர் மனைவி. "அவரு விடியகாலையிலயே எறந்துட்டாரும்மா. ஒனக்குச் சொல்லணும்னு நெனச்சேன், நீயே பண்ணிட்ட" என்றார். வாயில் தயாராக இருந்த வசவை விழுங்கிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடலூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் சர்வரை, தினமும் சிதம்பரத்திலிருந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து அவர்தான் கவனித்துவந்தார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய நச்சரிப்பும் தெரிந்திருக்கும். பஸ் தாமதமானால் கண்டக்டரை விடமாட்டார். "ஓடுனது எவ்ளோ, ஸ்டாப்புல நின்னது எவ்ளோ? ரெண்டயும் தனித்தனியா சொல்லுங்க." ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தவரிடம் இதே பாணியில் விசாரணை நடத்தினார். எங்கள் வரிசைக்கு அப்புறம் மோரே வரவில்லை.

இந்தப் பைத்தியம் கெர்னலிடமிருந்து தொற்றியது. கணினியின் அடிமடியில் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் மென்பொருள் அது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் முறைக்காகக் காத்துக் கிடந்தது என்ற கணக்கும் அதனிடம் இருக்கும். "கேட்டா குடுத்துடும்மா. எவனும் கேக்கறதில்ல" என்பார்.

ஒரு மழைக்காலத்தில், நான் எழுதிய டோக்கன் புரோகிராம் நகராமல் நின்றது. கூடம் முழுக்கக் காய்ச்சல்காரர்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒன் புரோகிராம் சோம்பேறி. நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். எங்கள் வீட்டில் அப்போது சம்பாதித்தது நான் ஒருத்திதான். நேராகத் தேவநாதனிடம் போய்ச் சொன்னேன்.

தேவநாதன் டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசியிருக்கலாம். அதெல்லாம் அவருக்கு வராது. கெர்னலின் கணக்கை எடுத்துக் கூடத்து டிவியில் போட்டுவிட்டார். எண், ஓடிய நேரம், காத்திருந்த நேரம் என்று வரிவரியாக வந்தது. அவை புரோகிராம்களின் எண்கள் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? டோக்கன் எண் என்று நினைத்துக் கைச்சீட்டோடு ஒப்பிட்டார்கள். சிலருக்கு ஒத்தும்போனது. லால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பாய், "என் நம்பரு ஓடவே இல்லியாம், ஜாஸ்தி நேரமா நிக்கிதாம். டிவியிலயே போட்டுருக்கு" என்று டாக்டர் அறைக் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் பாதிக் கூடம் எழுந்து நின்றது.

டாக்டர் வெளியே வந்தார். தேவநாதன் அசரவில்லை. "இந்தப் பொண்ணு புரோகிராம் சோம்பேறி இல்ல சார். முறை வந்தப்பல்லாம் வேலைய முடிச்சிருக்கு. முறைதான் வரமாட்டேங்குது. எல்லாத்தயும் முழுங்குறது ஒங்க ரூம்ல இந்தக் கூடத்துக் கேமரா படத்தக் காட்டுற புரோகிராம். மொதல்ல அதுக்குக் குடுன்னு சொன்னது நீங்கதான்."

டாக்டருக்குப் புரிவதற்கு முன்பே பாய்க்குப் புரிந்துவிட்டது. "அப்ப படத்த நிறுத்துங்க சார். நாங்க எங்கயும் ஓடிடமாட்டோம்" என்றார். படம் நின்றது. டோக்கன் நகர்ந்தது. என் வேலையும் பிழைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

சிதம்பரத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நாளா நெஞ்சு வலிம்மா. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா, அங்க கூட்டமா இருக்கு, அவுங்கள்லாம் பாத்துட்டுப் போவட்டும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு." அழுகையோடு கோபமும் வந்தது. யார் யாரோ காத்துக் கிடந்ததையெல்லாம் டிவியில் போட்ட மனுஷன், தன்னுடையதை ஒருவருக்கும் காட்டவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். பின்தங்கும் யாரிடமும் இப்போது "ஏன் லேட்டு" என்பதில்லை. "எவ்ளோ நேரமா நிக்கிறீங்க" என்று கேட்கிறேன். தினமும் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.