அடித்தகடு இல்லாமல் நாகப்பட்டினத்துக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐந்துக்குத் தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். நாகப்பட்டினம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அங்கே என் தங்கை மலருக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அம்மா இல்லை. முதல் வளையலை அக்காதான் போட வேண்டும் என்று மலர் ஒற்றைக்காலில் நின்றாள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் போட்டாக வேண்டும். வளையல் டப்பாக்களும் ஐந்து வகைச் சாதமும் பின்சீட்டில் இருந்தன.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வயதான ஜெர்மன் கார். ஒரு காலத்தில் மந்திரிகள் ஏறிய வகை. நான் இரண்டே முக்கால் லட்சத்துக்கு வாங்கினேன். பெரிய பட்டறைகள் கேட்கிற கூலி கட்டுப்படியாகாது. ஆகவே ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் நானே. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி? என் வீட்டுக்காரர் செல்வம் வண்டிக்கு வைத்த பெயர் ராஜா. வேலை செய்யாமல் பணிவிடை மட்டும் கேட்குமாம்.

6.50. நீடாமங்கலத்தில் வழக்கம்போல ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நாற்பது வண்டியாவது நின்றிருக்கும். டீ பன்னிரண்டு ரூபாய், இரண்டு குடித்தும் கேட் திறக்கவில்லை. பொறுமை என்பது எனக்குப் பிறப்பிலேயே கிடையாது. வெண்ணாற்றங்கரை கிராமச் சாலையில் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து, காசில்லாமல் உளுந்தை அடித்துக் கொடுக்கும். பஸ் போனால் ஒன்றும் ஆகாது. ராஜாவோ தரையோடு தரையாகப் போகிற ஆள். போதாக்குறைக்கு, இன்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய தகடு எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகிடந்தது. போன மாதம் ஆயில் மாற்றக் கழற்றினேன். மாட்டப் பன்னிரண்டு திருகு. அடுத்த முறையும் கழற்றத்தானே போகிறோம் என்று சோம்பேறித்தனம்.

7.25. கொரடாச்சேரிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. உடனே நிறுத்தினேன். பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி.

"ராஜா படுத்துட்டாரா?" என்றார் செல்வம். நான் முறைத்தேன்.

குனிந்து பார்த்தேன். உளுந்துச் செடி மேலேறி இன்ஜின் விசிறியை இறுக்கிச் சுற்றியிருந்தது. சூட்டில் ரேடியேட்டர் குழாயின் கிளிப் தெறித்து, தண்ணீர் தரையெல்லாம். தங்கை மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே!

உளுந்துக்குச் சொந்தக்காரர் தமிழரசி, கையில் செடியைக் கிளறும் கவையோடு ஓடிவந்தார். "அய்யய்யோ, எங்க உளுந்தாலயா? தண்ணி ஊத்தட்டுங்களா?"

"ஊத்தாதீங்கம்மா! சூட்டுல ஊத்துனா இன்ஜின் வெடிச்சுரும்" என்று பக்கத்து வயலிலிருந்து ஒரு குரல். கடைசித் தாளடிப் பயிரை அறுக்க நெல் அறுப்பு மெஷினோடு வந்திருந்த ஆத்தூர்க்காரர் முருகேசன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க மெஷினுக்கு இது தினப்படி வியாதிங்க. மணிக்கொரு தடவ தூசி அடைக்கும், ஊதி விடுவோம்."

தங்கைக்கு வளைகாப்பு, பத்தரைக்குள் போயாக வேண்டும் என்றேன். முருகேசன் உடனே மெஷினை லாரியில் ஏற்றும் இரண்டு இரும்புச் சாய்பலகைகளைச் சாலையில் போட்டார். உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஆறு பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ள, ராஜாவின் முன்சக்கரங்கள் மேலேறின. பட்டுச்சேலைக்கு மேலே செல்வத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு நான் அடியில் நுழைந்தேன். அவர்கள் கொடுத்த கருக்கரிவாளால் நார் நாராக அறுத்து இழுத்தேன். முருகேசன் மேலிருந்து காற்றூதியால் ஊதினார். தூசி, இலை, உளுந்து எல்லாம் என் முகத்தில். தமிழரசி தன் பம்புசெட்டை நிறுத்தி, அதன் குழாயிலிருந்தே கிளிப்பைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

"உங்க பாசனம்?" என்றேன்.

"வயலு சாயங்காலம் வரைக்கும் தாங்குங்க. வளைகாப்பு தாங்குமா?"

அந்தக் கிளிப்பை வாங்கி ரேடியேட்டர் குழாயை இறுக்கினேன்.

9.10. ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, சாவியைத் திருப்பினேன். முள் நடுவிலேயே நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். முருகேசனிடம் ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். "புள்ள பொறந்தா சொல்லுங்க, அது போதும்" என்று கையைத் தள்ளிவிட்டார்.

10.17. நாகப்பட்டினம். எவ்வளவு தேய்த்தும் விரல்களில் கிரீஸ் கரி போகவில்லை. "வேற யாராவது முதல்ல போடட்டும்டி, கை அழுக்கா இருக்கு" என்றேன்.

மலர் கையை நீட்டியபடியே இருந்தாள். "அந்தக் கையாலயே போடுக்கா."

போட்டேன். அவள் மணிக்கட்டில் கருப்பாக ஒரு கோடு விழுந்தது. அதன்மேல் சந்தனம் பூசினேன்.

மாலை நாலரைக்குத் திரும்பினோம். பெருஞ்சாலையிலேயே வந்திருக்கலாம். ஆனால் கொடுக்க வேண்டியது இருந்தது. கடையில் வாங்கிய புதுக் கிளிப் ஒன்று, வளைகாப்பு வளையல் எட்டு டஜன், முருகேசனுக்கு ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கல்.

தூரத்தில் எங்கள் வண்டியைக் கண்டதும் தமிழரசி குரல் கொடுத்தார். ஆறு பெண்களும் கவையோடு சாலையில் இறங்கினார்கள். நாள் முழுக்கப் பரப்பி வைத்திருந்த உளுந்தை இரண்டு பக்கமும் ஒதுக்கினார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பியது.

"இருய்யா, ராஜா போவட்டும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் செல்வம்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் திருப்புளியை எடுத்தேன். செல்வம் விளக்குப் பிடிக்க, பன்னிரண்டு திருகையும் மாட்டினேன். இனி எந்த உளுந்தும் ராஜாவை ஒன்றும் செய்யாது. ஆனாலும் அந்தப் பெண்கள் ஒதுக்கித்தான் விடுவார்கள்.