கலாதேவி கறுப்பாக்கிய மைவி

கலாதேவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசன்ஸ் எடுக்கப் போன முதல் நாளே காரைச் சாக்கடைக்குள் விட்டுவிட்டு, இந்த வம்பே வேண்டாம் என்று திரும்பி வந்தவள். ஆனால் ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் அவள் கை படாத காரைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

பையன்கள் தங்கள் காரைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவார்கள். இந்த ரிம் போட்டால் எப்படி இருக்கும், இந்த நிறம் அடித்தால் எப்படி இருக்கும், பின்னால் ஸ்பாய்லர் என்கிற பெரிய இறக்கை ஒன்று வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். கலாதேவி கணினியில் அதையெல்லாம் போட்டு அனுப்புவாள். பிடித்திருந்தால் கடைக்குப் போய் உண்மையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பாதிப் பேர் போக மாட்டார்கள். படத்தைக் கைப்பேசியில் வைத்து நாலு பேரிடம் காட்டியே ஆசையைத் தீர்த்துக்கொள்வார்கள்.

அவள் பிறந்தது பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில். ரப்பர் மரங்களைச் சாய்த்து லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தாள். கல்யாணப் படம் பிடிக்கும் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. மணப்பெண்ணின் பருவை எடுப்பாள், மாப்பிள்ளையின் வழுக்கையை மூடுவாள், கழுத்தில் இல்லாத நகையைப் பூட்டிவிடுவாள். எப்பேர்ப்பட்ட மாமியாராலும் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஸ்டூடியோவை இழுத்து மூடிய பிறகு பெண்ணை விட்டுக் காரைச் சிங்காரிக்க ஆரம்பித்தாள். கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை, அவளும் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, எந்நேரமும் ஆறிப்போன தேத்தண்ணி. அவ்வளவுதான் அவள் உலகம்.

கர்வம் மட்டும் கொஞ்சம் அதிகம். பெயிண்டின்மேல் வானம் எப்படி விழும், ரிம்முக்குள் நிழல் எங்கே கறுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடக்க முடியாததையும் நடந்த மாதிரியே காட்டுவாள். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் கார்த்திகேசு அதனால் அவளிடம் அடிக்கடி சண்டைக்கு வருவார்.

"ஏம்மா, காடியை இவ்ளோ கீழ எறக்கிட்டா டயரு எங்க சுத்தும்? படத்துல நீ ஈசியா செஞ்சிர்ற. இங்க வந்து என் உயிரைத்தான் வாங்குறானுங்க."

"உங்களுக்குச் செய்யத் தெரியலைன்னு சொல்லுங்கண்ணே," என்பாள் கலாதேவி.

இருப்பதைவிட அழகாகக் காட்டுவதுதான் தொழில் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதில் என்ன தப்பு என்று கேட்டால், அன்றைக்கு எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

பவித்ரன் அவளிடம் வந்தது தீபாவளிக்கு முன்னால். டயர்க் கிடங்கொன்றில் சாமான் தூக்குகிற வேலை. மாமாவிடமிருந்து வாங்கிய பழைய வெள்ளை மைவி கார் ஒன்று வைத்திருந்தான். அதைத் தினமும் கழுவுவான். அவன் அம்மா நவமணி, "கட்டிக்கப் போறவளையாவது இப்பிடிப் பாத்துக்குவியாடா?" என்று கேலி செய்வாள்.

"பளபளப்பு வேண்டாம்கா. மங்குன கறுப்பு. ரிம்மு தங்கக் கலரு. பின்னால பெரிய ஸ்பாய்லர்," என்றான் கலாதேவியிடம்.

"பெயிண்டுக்குக் காசு வெச்சிருக்கியாடா?"

"இப்பதைக்குப் படம் மட்டும் போதும்லா."

கலாதேவி சிரித்துக்கொண்டே செய்துகொடுத்தாள். ரொம்ப நன்றாக வந்தது. அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் உசத்தி என்று அவளுக்கே தோன்றியது. எப்போதும் நம்பர் பிளேட்டை அழித்துவிடுவது அவள் வழக்கம். பவித்ரன் வேண்டாம் என்றான்.

"நம்பர் இருந்தாத்தானேக்கா அது என் காடின்னு தெரியும்."

விட்டுவிட்டாள். வெள்ளை மைவியை இடப்பக்கமும் கறுப்பு மைவியை வலப்பக்கமும் வைத்து, 'முன்', 'பின்' என்று எழுதித் தன் முகநூல் பக்கத்தில் போட்டாள். பவித்ரன் கறுப்பை மட்டும் வெட்டியெடுத்துத் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டான். பெயிண்ட் அடித்துவிட்டாயா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வயதில் யார்தான் சொல்வார்கள்?

தைப்பூசம் முடிந்த கையோடு அது நடந்தது. பீடோர் பக்கத்துப் பழைய தோட்டத்துச் சாலையில், கொய்யாத் தோட்ட வேலைக்குச் சைக்கிளில் போன மாரியம்மா என்ற பெண்ணை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. சாலையோர மளிகைக் கடையின் கேமராவில் அந்தக் கார் மங்கலாக விழுந்திருந்தது. கறுப்பு மைவி, தங்க நிற ரிம், பின்னால் இறக்கை. நம்பர் தெரியவில்லை.

நம்பரைக் கொடுத்தது கலாதேவியின் படம்.

மறுநாள் காலையில் பசியாறிக்கொண்டே வாட்சாப்பைத் திறந்தவள், தான் செய்த படத்தையே பார்த்தாள், கறுப்பு மைவி மட்டும் தனியாக. 'இந்தக் காடிதான். ஆளு புந்தோங்ல இருக்கான். எல்லாருக்கும் அனுப்புங்க' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அதையே ஆறேழு குழுக்களில் பார்த்தாள். கையில் இருந்த ரொட்டி அப்படியே இருக்க, தன் பக்கத்துக்குப் போய் அந்தப் பதிவை அழித்தாள்.

பயத்தில் செய்தாள். யோசித்துச் செய்யவில்லை. 'முன்', 'பின்' என்று தேதியோடு உலகத்துக்கே சாட்சியாக நின்றது அந்த ஒரு பதிவுதான். அதைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்துவிட்டது. 'பாருங்க, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் படத்தை அழிச்சிட்டாங்க.'

பவித்ரனுக்கு அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. போலீசுக்கு அழைத்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பவித்ரன் வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மாரியம்மாவின் மகன் தனேஷும் அவனுடைய சொந்தக்காரர்களும் பீடோரிலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். மாரியம்மாவின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அழுது அழுது தனேஷின் முகம் வீங்கியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பவித்ரனைக் காருக்கு முன்னால் முட்டி போட வைத்திருந்தார்கள். கார் வெள்ளையாகத்தான் நின்றது. எப்போதும் போல் கழுவித் துடைத்து, வெயிலில் பளிச்சென்று நின்றது. கண் இருக்கிற எவனும் பார்க்கலாம். ஆனால் பார்த்தவன் ஒருவனும் நம்பவில்லை.

"ராத்திரியோட ராத்திரியா வெள்ளை அடிச்சிட்டான்," என்றார் ஒருவர். "ரிம்மையும் மாத்திட்டான்."

தனேஷ் கையிலிருந்த சாவியால் கதவைக் கீறினான். அடியில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தான். வெள்ளைக்குக் கீழே சாம்பல் நிறம் வந்தது, அதற்கும் கீழே தகரம் வந்தது. இன்னோர் இடத்தில் கீறினான். பிறகு ஆளாளுக்குக் கீறினார்கள். எங்கும் கறுப்பு இல்லை. அதோடு விட்டிருக்கலாம். சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் அடித்திருக்கிறான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

கலாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அது நான் செஞ்ச படம். அப்பிடி ஒரு காடியே கிடையாது. நானும் உங்க பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவதான். பொய் சொல்ல மாட்டேன். இங்க பாருங்க." பவித்ரன் முதலில் அனுப்பிய வெள்ளைக் காரின் படத்தைக் கைப்பேசியில் காட்டினாள்.

தனேஷ் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "இந்த வெள்ளைதான்க்கா எடிட்டு. இப்பத்தானே செஞ்சீங்க?"

"இல்லைய்யா. என் வீட்டுக்கு வா. கணினியில ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டுறேன்."

"அப்ப ஏன்க்கா அழிச்சீங்க?"

பயந்துவிட்டேன் என்று சொன்னாள். அது யார் காதிலும் விழவில்லை. இதற்குள் ஒருவன் வேனிலிருந்து ஸ்டியரிங்கில் மாட்டும் நீளமான பூட்டை எடுத்து வந்திருந்தான். இரும்பு. பவித்ரன் "சத்தியமா என் காடி வெள்ளைதான்ணே, சத்தியமா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அது அவன் முகத்தில் இறங்கியது. நவமணி ஓடிவந்து அவன்மேல் விழுந்தாள். போலீஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் உண்மையான கறுப்பு மைவி ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடைத்தது. கண்ணாடி உடைந்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதை யாரும் எல்லாருக்கும் அனுப்பவில்லை. பவித்ரனின் படத்தை அனுப்பியவர்கள் அதற்குள் வேறு எதையோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தனேஷையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துப்போனது. அம்மாவின் காரியத்துக்குக் கூட அவன் இல்லை என்று கேள்விப்பட்டபோது கலாதேவிக்கு அவன்மேலும் கோபம் நிலைக்கவில்லை. எல்லாக் கோபமும் தன்மேலேயே திரும்பியது.

பவித்ரனின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நவமணி அவளிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"படம் போட்டதுகூட போகட்டும். அதை ஏன் அழிச்சே?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். கலாதேவி சுவரோரம் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு அவள் கார்ப் படத்தைத் தொடவில்லை. பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா அறிவிப்பு என்று கிடைத்ததைச் செய்தாள்.

மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் நவமணியும் பவித்ரனும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள். கடைசியில் அவன்தான் ஆரம்பித்தான்.

"செயற்கைக் கண்ணு வெக்கிறாங்களாம்கா. வெச்சா எப்பிடி இருக்கும்னு பாக்கணும். நீங்க போட்டுக் காட்டுறீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினான். கலாதேவி பார்த்தாள். பார்க்காமல் எப்படிப் படம் எடுப்பது? எடுத்தாள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. நல்ல கண்ணை அப்படியே பிரதியெடுத்துத் திருப்பி வைத்தாள். திருப்பினால் கருவிழியில் ஒளிப்புள்ளி எதிர்ப்பக்கம் போய்விடும், அதை மட்டும் மாற்றினாள். தையல் தழும்பை அழித்தாள், இமையைத் தூக்கிவிட்டாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் திரையில் பழைய பவித்ரன் வந்துவிட்டான், படம் மட்டும் போதும்லா என்று சொன்ன அதே பையன். மாமியார் என்ன, டாக்டரே பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதை அவனுக்குக் காட்டாமல் மூடிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

செயற்கைக் கண் வைத்தவர்களின் படங்களைத் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தழும்பை இருந்த இடத்திலேயே விட்டாள். மேலிமையைக் கொஞ்சம் தொங்கவிட்டாள். கருவிழியை ஒரு நூலளவு தள்ளி வைத்தாள், ஏனென்றால் அது மற்றக் கண்ணோடு சேர்ந்து திரும்பாது. ஒளியைக் குறைத்தாள். இவ்வளவு கஷ்டமான வேலையை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

பவித்ரன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான் தம்பி."

நவமணி திரையைப் பார்க்கவில்லை, கலாதேவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு படத்தை அனுப்பச் சொன்னான். அனுப்பினாள். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

கலாதேவி வாசல்வரை போனாள். ஒற்றைக் கண்ணுக்குப் படி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பிடிபடாது. அவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, படியைத் துழாவி இறங்கினான்.