கணக்கில் சேர்ந்த மாமா

என் மாமாவுக்கு எங்கள் தெருவில் சதவீதம் என்று பெயர். சலூன் டிவியில் செய்தி ஓடினால் இத்தனை சதவீதம், அத்தனை சதவீதம் என்று வாதாடாமல் அவர் வாய் சும்மா இருக்காது. அதனால் வந்த பெயர். அட்டைப்பெட்டி கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனி கதவைப் பூட்டி, 'உற்பத்தி தற்காலிக நிறுத்தம்' என்று ஒரு போர்டை மாட்டியது. அன்றிலிருந்து மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு சலூன் வரை போவார், திரும்புவார், மறுபடி கிளம்புவார். உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடும். அத்தை அதைக் கையால் அமுக்கிப் பிடிப்பாள்.

டிவியில் இரண்டு கட்சிக்காரர்கள் மோதிக்கொள்வார்கள். வேலையின்மை குறைந்துவிட்டது என்பார் ஒருவர், கூடிவிட்டது என்பார் மற்றவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே அறிக்கை! சலூன்காரர் 'குறைந்துவிட்டது' கட்சி. மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரத்தில் ஒரு மணி நேரம் எதையாவது செய்தாலே வேலையில் இருப்பவன் என்று எழுதிக்கொள்கிறார்களே, பூட்டிய கம்பெனியின் ஆட்கள் எந்தக் கணக்கு என்பார். கணக்கெடுக்கிறவர்கள் என் வீட்டுக்கு வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கிறேன் என்பார்.

வந்தே விட்டார்கள். டேப்லெட்டோடு ஒரு பெண் படியேறி வந்த நேரம், கூடத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி மூடிய சங்கதி அந்த வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் பெண்ணை இளக்காரமாகப் பேசுவார்கள் என்று மாமாவுக்குப் பயம். 'அப்புறமா வாம்மா' என்று அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா என்று அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். மாமா சம்பந்தியைப் பார்த்தார். முழங்கால் நின்றது.

"செஞ்சேம்மா. சூப்பர்வைசர் வேலை. வாரம் முழுக்க."

அத்தை அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்குத்தானா இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தினார்?

அவள் இறங்கியதும் மாமா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். பாதிப் படியில் அவளை நிறுத்தி, பொய் சொல்லிவிட்டேன், மாற்றிக்கொள் என்றார். மாற்றலாம், ஆனால் வீட்டில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டாக வேண்டும், இந்தப் பகுதிக்கு இன்றுதான் கடைசி நாள் என்றாள் அவள்.

"வாங்க சார், சீக்கிரம் முடிச்சிடலாம்."

மேலே சம்பந்தி யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. மாமா கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு படி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

அடுத்த அறிக்கை வந்தபோது நாங்கள் சலூனில் இருந்தோம். வேலையின்மை குறைந்திருந்தது. சலூன்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் சதவீதம் என்று சீண்டினார். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல் மாமா எகிறுவார் என்று காத்திருந்தோம்.

"சரியாத்தான் சொல்றான்ப்பா. கொறஞ்சதுல நானும் ஒருத்தன். வேலைக்குப் போறேன்னு நானே சொன்னேன்."

சலூன்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார்.