பெட்டி கட்டிய ஒரு மாதம்

சூலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எரிவாயு அடுப்புக்கான பித்தளை வால்வுகளைச் செய்து ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முப்பது பெண்கள் உட்கார்ந்து வால்வுகளைக் கோத்து, காற்று கசிகிறதா என்று சோதிப்போம். பல்லடத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்த எனக்கு அங்கே ஒட்டுதல் என்றால் பக்கத்து இருக்கை அக்காதான். அவர் கொண்டுவரும் கொள்ளுப் பருப்பில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இனிமே இதைய அவிய ஊர்லயே செய்யறாங்களாம். மெஷினே எடுத்து, மெஷினே கோத்துப்போடுதாம்."

"கசிவு பாக்கறதுக்குமா ஆளு வேண்டாங்க?" என்று கேட்டார் அக்கா.

"அதுக்குந்தானுங்க."

பிறகு என்னைத் தனியாக அறைக்குள் அழைத்தார். "அம்மணி, நீ ஒரு மாசம் இருந்துக்கோ. அவிய குடுத்த, அளவு பாக்கற கேஜு, அச்செல்லாம் திருப்பி அனுப்போணும். டிராயிங் நம்பர் பாத்துப் பெட்டி கட்ட வேற ஆளில்லை."

அறையை விட்டு நான் வெளியே வந்தபோது வேலை போன மற்ற பெண்கள் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை மிச்சமிருக்கிறதே என்ற நிம்மதி. கூச்சமும் இருந்தது. அவர்கள் பின்னால் போகவில்லை.

மறுநாள் முதல் அந்த நீண்ட கூடத்தில் நான் மட்டும். ஒவ்வொரு கேஜையும் துடைத்து, எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினேன். மதியம் சாப்பிட உட்காரும்போது பழக்கத்தில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பேச ஆளில்லாமல் டிராயிங் நம்பர்களைச் சத்தமாகப் படித்தேன்.

இரண்டாம் வாரம், சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க, உக்காருங்க" என்றார்.

அதுவரை என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டிருந்தார். "என்னங்க்கா, புதுசா வாங்க போங்கங்கறீங்க?"

"ஆப்பீஸ்காரங்களை வேற எப்படிங்க கூப்புடறது?"

"எனக்கும் அன்னைக்குத்தானுங்க்கா தெரியும்."

"தெரியலைன்னே வெச்சுக்குவோமுங்க. நாங்க அத்தனை பேரும் போறப்ப கேட்டு வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

காப்பி கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

மாதக் கடைசியில் லாரி வந்து பெட்டிகளைத் தூத்துக்குடிக்கு ஏற்றிப்போனது. அன்றோடு எனக்கும் வேலை முடிந்தது. சில மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். பின்பு சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது.

பல்லடத்திலிருந்து அங்கே போகிற பஸ்ஸும் சூலூர் வழியாகத்தான் போகும். ஒருநாள் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். தலையெல்லாம் தறிப் பஞ்சு. கூட நின்ற இரண்டு பெண்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பேசலாம் என்று பையை எடுத்தேன். அவர்கள் இன்னொரு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.